ஞாயிற்றுக்கிழமையும் கேள்வி கேட்கும் போதகர்

மிகுந்த மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் தங்கை கணவனாகிய உபதேசியார் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் பிள்ளைகள் சுகம், தங்கள் தங்கை பரம சுகம், எனக்குத்தான் வயிற்றெரிச்சல். அதற்கு மருந்து தங்கள் கையில் இருக்கிறது. மிஷன் துரையின் காரியாலயத்தில் எழுத்தராக இருக்கும் தாங்கள், எங்கள் பள்ளிக்கூடத்துக்கும் கோயிலுக்கும் சேர்த்து வந்திருக்கிற புதுப் போதகரை வேறெங்காவது மாற்றும்படி துரையின் காதில் ஒரு வார்த்தை போட வேண்டும்.

இந்த மனிதர் வாரமெல்லாம் வாத்தியார், ஞாயிற்றுக்கிழமையும் வாத்தியார். சுண்ணக்கட்டித் தூள் ஒட்டிய கையோடு மேடையேறி, பிரசங்கத்தின் நடுவில் நிறுத்தி, "பின் பெஞ்சு, அப்புறம் என்ன ஆச்சு, சொல்லுங்க பாப்போம்!" என்கிறார், தச்சர் கைகட்டி எழுந்து பதில் சொல்கிறார், தப்பென்றால் தையற்காரர் முந்திக்கொண்டு கை தூக்குகிறார், சபையே கண்கொட்டாமல் உட்கார்ந்திருக்கிறது. நானும் இதே மேடையில்தான் வருடக்கணக்காகப் பிரசங்கித்தேன், எவ்வளவு மரியாதையாகத் தூங்குவார்கள்! வீட்டிலாவது நிம்மதி உண்டா என்றால், "ஏங்க, ஐயா என்னமா கேட்டாரு பாத்தீங்களா!" என்கிறாள் தங்கள் தங்கை. "நானுந்தானே பிரசங்கம் பண்ணேன்?" என்றேன். "பண்ணீங்க. நல்லா தூக்கம் வந்துச்சு" என்றாள். பொறாமை என்கிறார்கள். ஆமாம், பொறாமைதான், பற்றி எரிகிறது. போன வாரம் அவர் பிரசங்கத்தைக் காதில் வாங்கவே கூடாதென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அவர் கேள்வி கேட்டதும் பாழாய்ப்போன என் கை தானாக எழும்பிவிட்டது. அந்த மனிதர் என்னைப் பார்க்காமல் தையற்காரரைக் கேட்டார்!

தங்கள் இல்லத்தார் எல்லார்மேலும் ஆசீர்வாதம் பொழியட்டும். இங்கே மாற்றல் உத்தரவு பொழிந்தால் போதும்.

இப்படிக்கு,
வெந்துகொண்டிருக்கும் தங்கள் உபதேசியார்.

பின்குறிப்பு: தபாலில் போடுமுன் ஞாயிறு வந்துவிட்டது. போதகருக்குத் தொண்டை கட்டிக்கொள்ள, மேடை எனக்குக் கிடைத்தது. காணாமல்போன ஓர் ஆட்டைத் தேடிப்போன மேய்ப்பரைப் பற்றிப் பிரசங்கித்தேன். ஒருவரும் தூங்கவில்லை என்று பூரித்துப்போனேன். பாதியில் ஒரு கை எழும்பியது. "ஒரு ஆட்டைத் தேடிப் போனாரே, மிச்ச ஆட்டையெல்லாம் யார் தலையில கட்டிட்டுப் போனாரு? பொண்டாட்டி தலையிலதானே?" கேட்டது தங்கள் தங்கை. உடனே பெண்கள் பக்கம் முழுக்கக் கைகள். கஷ்டப்பட்டு எழுதியதைக் கிழிக்க மனமில்லாமல் அனுப்புகிறேன், ஆனால் துரையிடம் மூச்சு விடாதீர்கள். வேறு யாராவது போதகரை மாற்றப் பார்த்தால் காலைப் பிடித்தாவது தடுத்துவிடுங்கள். இந்தச் சபையிடம் என்னைத் தனியாக விட்டுவிடாதீர்கள்.