ஈஜிபுராவில் மையம் கொண்ட புயல்

கணக்கு சரியாக வந்துவிட்டால் மனிதன் அதற்கு மேல் யோசிப்பதில்லை. உதவி ஆசிரியர்கள் யோசிப்பதே இல்லை. தொண்ணூறுகளில் நான் பெங்களூரில் ஒரு தமிழ் நாளிதழின் உதவி ஆசிரியர். கல்யாணமான புதிது.

ஆடி பிறந்ததும் வழக்கப்படி வசந்தியைக் கடலூரில் அவள் அம்மா வீட்டில் விட்டுவிட்டு, பதிலுக்கு ஒரு பாரோமீட்டரோடு திரும்பினேன். காற்றழுத்தம் காட்டும் பித்தளைக் கருவி. மாமனார் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றி ஓய்வு பெற்றவர். மகளுக்கு அடுத்தபடியாக அவர் நம்பியது அதைத்தான். (என்னை மூன்றாவதாகக்கூட நம்பியதாகத் தெரியவில்லை.)

ஈஜிபுராவில் எங்களுடையது ஒற்றை அறை வீடு. அவள் போனதும் அது பெரிதாகிக்கொண்டே போனது. ஜன்னல் விளிம்பில் அவளுடைய ஹேர்பின் ஒன்று கிடந்தது. மாதம் முழுக்க அதைத் தொடாமல் சுற்றிலும் துடைத்தேன். ஆடி முடியும் தறுவாயில் வீட்டை ஒழுங்குபடுத்தி, கட்டிலுக்கடியில் கிடந்த பாரோமீட்டரை எடுத்து மாட்டினேன்.

அன்று மாலை எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசினேன். வசந்தியை எப்போது பஸ் ஏற்றுவார் என்று கேட்கத்தான். மாமனார் முந்திக்கொண்டு, முள் எங்கே நிற்கிறது என்றார். அறுநூற்று எண்பத்து மூன்று மில்லிமீட்டர் என்றேன்.

"மாப்ள, அதை நாலால பெருக்கி மூணால வகுங்க. மில்லிபார் வரும்."

வகுத்தேன். தொள்ளாயிரத்துப் பத்து.

"என் சர்வீஸ்ல இவ்ளோ கீழ பாத்ததில்ல. வெளிய தலைகாட்டாதீங்க. பொண்ணை இப்ப அனுப்ப முடியாது."

வெயிலடிக்கிறதே என்றேன். புயல் வருவதற்கு முன்னால் அப்படித்தான் இருக்கும் என்றார்.

வீட்டுக்கு வந்து மறுபடி சரிபார்த்தேன். அங்குலத்துக்கும் மாற்றினேன்: இருபத்தேழுக்குச் சற்றுக் குறைவு. எந்த அளவையில் எழுதினாலும் புயல் புயலாகவே இருந்தது. வீட்டுக்கார அம்மாவிடம் கொடியிலிருந்த துணிகளை எடுத்துவிடச் சொன்னேன். "எல்லி சார் மளெ? எங்க மழை? சும்மா இருங்க, துணி காயட்டும்" என்றார். மெழுகுவத்தியும் பிரெட்டும் வாங்கிவந்து, ஜன்னலைச் சாத்திக்கொண்டு காத்திருந்தேன். தெருவில் ஐஸ் வண்டி மணியடித்துக்கொண்டு போனது.

முள் அசையவில்லை. சில நாள் பொறுத்தேன். புயல் அடித்துக்கொண்டு போவதானால் அவள் ஊர்ப் பக்கமாகவே போகட்டும் என்று, பாரோமீட்டரை மடியில் வைத்துக்கொண்டு கடலூர் பஸ் ஏறினேன்.

ஓசூர் வரை முள் கிடந்த இடத்திலேயே கிடந்தது. கிருஷ்ணகிரி இறக்கத்தில் ஏறத் தொடங்கியது. திருவண்ணாமலையில் எழுநூற்று நாற்பதைத் தாண்டியது. பெண்டாட்டியை நெருங்க நெருங்க வானிலை சீரடைவதை மடியிலேயே பார்த்துக்கொண்டு போனவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கடலூரில் எழுநூற்று ஐம்பத்து நாலு.

புயலைத் தாண்டி வந்துவிட்டதாக மாமனாரிடம் சொன்னேன். கரை சேர்ந்தவனைத் தட்டுவதுபோல் தோளில் தட்டினார்.

வசந்தி காபியை நீட்டிக்கொண்டே சொன்னாள்: "அப்பா, பெங்களூர் மூவாயிரம் அடி உசரத்துல இருக்கு. மேல போகப் போக காத்தழுத்தம் கம்மி. அங்க எப்பவுமே முள்ளு அங்கதான் நிக்கும்."

நாங்கள் இருவரும் பாரோமீட்டரைப் பார்த்தோம். கூண்டு ஏற்றும் வேலையில் மேட்டு ஊர்களுக்குப் போக நேர்ந்ததே இல்லை என்று மாமனார் மெல்லச் சொன்னார்.

கொல்லைப்பக்கம் அவளைத் தனியாகப் பிடித்து, எப்போது தெரியும் என்று கேட்டேன்.

"போனை வெச்சிட்டு அப்பா நம்பரைச் சொன்னாரே, அப்பவே."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"இன்னும் நாலு நாள் அம்மாகூட இருக்கலாம்னுதாங்க."

அந்த ஒற்றை அறையில் ஏங்கியது நான் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு அவள் ஊருக்குப் போனபோதெல்லாம், எப்போது வருகிறாய் என்று போனில் கேட்டால் முள் எங்கே நிற்கிறது என்பாள். அறுநூற்று எண்பத்து மூன்று என்பேன். ஐயோ, புயல் இன்னும் போகலையே, நாலு நாள் கழித்து வருகிறேன் என்பாள். பின்னால் மாமியார் சிரிப்பது கேட்கும்.

இப்போது மாமனாரும் மாமியாரும் இல்லை. கடலூர் வீட்டையும் விற்றாயிற்று. ஆடி வந்தால் நானேதான் கேட்கிறேன், கடலூர் வரை போய்விட்டு வருவோமா என்று. வசந்தி சுவரில் இருக்கும் பாரோமீட்டரை ஒருமுறை பார்க்கிறாள்.

"இந்தப் புயல்ல யாருங்க போவாங்க."