முட்டைக்காரன் மகளுக்கு நீங்கள் பார்த்த மாப்பிள்ளை

குளத்தூர்

அன்பும் மரியாதையும் மிகுந்த கனகதாஸ் அத்தான் அவர்களுக்கு, மச்சினன் தாசையன் தோத்திரம் சொல்லி எழுதுவது. ஆண்டவர் கிருபையால் அம்பூரியில் நீங்களும் விலாசினி அக்காவும் ரப்பர் மரங்களும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே சாராம்மாவுக்கும் மகள் அஷ்வதிக்கும் சுகம். எனக்கு இல்லை. நான் கூப்பிட்டால் நீங்கள் போனை எடுப்பதில்லை. அக்கா எடுத்து, அத்தான் குளிக்கிறார் என்கிறாள். காலையிலும் குளிக்கிறீர்கள், மத்தியானமும் குளிக்கிறீர்கள், இப்படிக் குளித்தால் மனுசன் கரைந்து போவான். ஆகையால் எழுதுகிறேன். நம்ம டிரைவர் சுயம்பு காலி வண்டியோடு அம்பூரிப் பக்கம் வருகிறான், அவன் கையில் கொடுத்து விடுகிறேன். அவன் உங்கள் முற்றத்தில் நிற்கும்போதே வாசித்துவிட வேண்டும்.

விஷயம் இதுதான். அஷ்வதிக்கு நீங்கள் கொண்டுவந்த சிபின் சம்பந்தம் வேண்டாம். பையன் வீட்டில் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

நான் யார் அத்தான்? பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே எந்த ஹோட்டலில் ஆம்லேட் போட்டாலும் அது பெரும்பாலும் என் கடை முட்டை. முட்டையில்தான் வீடு கட்டினேன், முட்டையில்தான் மகளை எம்.காம். படிக்க வைத்தேன். அப்பேர்ப்பட்டவன் மகளுக்கு, முட்டை தின்றால் தொண்டை வீங்குகிற மாப்பிள்ளையைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்திருக்கிறீர்கள். பையன் மின்வாரியத்தில் லைன்மேன், கம்பத்தில் ஏறிக் கரண்டோடு மல்லுக்கட்டுகிறவன், அவனுக்கு ஆகாதது கோழி முட்டையாம். அவன் முதலிலேயே உங்களிடம் சொல்லியிருக்கிறான். நீங்கள்தான், "இப்பச் சொல்லாத மக்கா, கல்யாணம் கழிஞ்சு பாத்துக்கிடலாம், எனக்க மச்சினன் கோவக்காரனாக்கும்" என்று அவன் வாயை அடைத்தீர்கள். நான் கோவக்காரன் இல்லை அத்தான். இப்போது ஆகிவிட்டேன்.

பெண் காண வந்த அன்றைக்கு நடந்ததை யோசித்துப் பாருங்கள். பெண் கொண்டுவந்து வைக்கிற பலகாரத்தைப் பையன் ஒரு வாயாவது தின்ன வேண்டும், தொடாவிட்டால் பெண் பிடிக்கவில்லை என்று அர்த்தம். இது நம்ம ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அஷ்வதி அவள் கையால் செய்த கேக்கு, தட்டு நிறைய முட்டை போட்டது, நான்தான் தாராளமாகப் போடச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் பையன் தட்டு காலி. எனக்கு ஒரே சந்தோஷம். அவன் எழுந்தபோது சட்டைப் பையில் எண்ணெய்க் கறை படர்ந்திருந்தது. சாராம்மா என் காதில், "பாத்தியளா, கேக்க வீட்டுக்கும் எடுத்துட்டுப் போறான், அம்புட்டுப் பிரியம்" என்றாள். நானும் உருகிப்போய், கூட ஒரு தட்டு முட்டையும் மடியில் வைத்து அனுப்பினேன். அவன் தின்னாமல் ஒளித்தது தெரிந்தும் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தீர்கள்.

அதற்குப் பிறகு, மாப்பிள்ளை ஆகப் போகிறவன் ஆயிற்றே என்று, உதியன்குளங்கரையில் நமக்குத் தெரிந்த ஹோட்டலுக்கு எல்லாரையும் கூட்டிப்போனேன். முட்டை ரோஸ்ட் சொன்னேன், "இண்ணைக்கு வேண்டாம் அப்பா" என்றான். சரி, பயபக்தியான பையன், ஏதோ நோன்பு என்று நினைத்தேன். புரோட்டாவும் பீஃபும் வந்தது. ஒரு வாய் தின்றுவிட்டுத்தான் அவனுக்குச் சந்தேகம் வந்திருக்கிறது, சப்ளையரைக் கூப்பிட்டு, இதில் முட்டை உண்டா என்று கேட்டான். அந்தப் பாவி என்னைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே, "உண்டோன்னோ! மாவில நல்லோணம் அடிச்சுச் சேத்துட்டுண்டு சாரே, எல்லாம் அண்ணனுக்க முட்டையாக்கும்" என்றான். நான் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தேன். நிமிர்ந்து பார்த்தால் பையனின் உதடு தடித்து, கண் மூடி, குரல் அடைத்து, மூச்சுக்கு இழுக்கிறான். அஷ்வதிதான் ஓடிப்போய் ஆட்டோ பிடித்தாள். ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட டாக்டரம்மா, "இனி ஒரு துண்டுகூட உள்ள போகப்பிடாது, உடைஞ்ச முட்டை கையில பட்டாலே தடிக்கும், இது விளையாட்டு இல்ல" என்று என்னைப் பார்த்துச் சொன்னார்கள், நான்தான் முட்டை இட்டது மாதிரி. நான் உண்மையாகவே பயந்துபோனேன் அத்தான். அங்கே அவன் கையைப் பிடித்துக்கொண்டு அஷ்வதி உட்கார்ந்தவள், வார்டு முழுக்கப் பார்த்தும் விடவில்லை.

அதோடு முடிந்ததா? மகள் இப்போது முட்டை இல்லாமல் கேக்கு செய்து பழகுகிறாள். கல்யாண மேடையில் மாப்பிள்ளையும் பெண்ணும் கேக்கு வெட்டி ஊட்ட வேண்டாமா, அதற்கு. முதல் கேக்கு ஹாலோபிளாக் கல் கணக்காக வந்தது, கோழிக்குப் போட்டோம், கோழியும் முகத்தைத் திருப்பிவிட்டது. தயிர் ஊற்றினாள், வினாகிரி விட்டாள், ஆளிவிதையை அரைத்துக் கலக்கினாள், கடைசியில் பஞ்சு மாதிரி பொங்கி வந்துவிட்டது. எதிர்வீட்டு விஜயம்மா, முட்டை நாற்றம் என்று எங்கள் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதவள், இரண்டு துண்டு தின்றுவிட்டுப் பேரன் பிறந்தநாளுக்கு ஒன்று சொல்லிப் போனாள். நான் அடுப்பங்கரைக்குள் போக வேண்டுமானால் கை கழுவி, சட்டை மாற்றி, மகளிடம் நகத்தைக் காட்ட வேண்டும். களியக்காவிளை செக்போஸ்டில்கூட என்னை இப்படி நிறுத்தினதில்லை. என் கடை போர்டுக்குக் கீழேயே "முட்டை சேர்க்காத கேக்கு கிடைக்கும்" என்று அட்டை எழுதித் தொங்கவிட்டிருக்கிறாள். ரோட்டில் போகிறவன் எல்லாம் நின்று வாசித்துச் சிரிக்கிறான்.

இனி நீங்களே சொல்லுங்கள். என் வீட்டு முன்னறைதான் எனக்குக் கோடவுன். தரையிலிருந்து கூரை வரைக்கும் முட்டைத் தட்டு, தினம் நாலு உடையும், வாசல்படி வரைக்கும் வழியும். இதைத் தாண்டி மருமகன் எப்படி உள்ளே வருவான்? மாமியார் வீட்டுக்குள் காலெடுத்து வைக்க முடியாத மாப்பிள்ளை எதற்கு? ஆகவே சம்பந்தத்தை முறித்துவிடுங்கள். நான் பேச்சு மாறமாட்டேன்.

விலாசினி அக்காவுக்கும் உங்களுக்கும் கர்த்தர் நீண்ட ஆயுசும், ரப்பருக்கு நல்ல விலையும், உங்கள் போனுக்கு நல்ல காதும் தந்து காப்பாராக.

இப்படிக்கு,
பிரியமுள்ள,
தாசையன்

பின்குறிப்பு: மேலே எழுதியதில் ஒரு எழுத்தையும் பையன் வீட்டில் சொல்லிவிடாதீர்கள். கையெழுத்துப் போட்டு நிமிர்கிறேன், நல்ல மழை, வெளியே சிபின் நிற்கிறான். "ஏறி வா மக்கா" என்றேன். "இல்ல அப்பா, நான் இங்கனயே நிக்கேன், அஷ்வதியக் கூப்பிட்டாப் போதும்" என்றான். அவள் குடையோடு ஓடிப்போய் அவளும் மழையில் நிற்கிறாள். என் முட்டை உள்ளே சொகுசாக இருக்க, என் பிள்ளைகள் வெளியே நனைகிறார்கள். எனக்குத் தாங்கவில்லை அத்தான். முன்னறையைக் காலி பண்ணிவிட்டேன், சாராம்மா சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருக்கிறாள். ரோட்டோரம் வேறே ஒரு அறை கிடைக்கிற வரைக்கும் முட்டை முழுவதும் நீங்கள் ரப்பர் ஷீட் உலர்த்துகிற புரையில் இருக்கட்டும், சம்பந்தம் கொண்டுவந்தவர் நீங்கள்தானே. சுயம்பு காலி வண்டியோடு வரவில்லை. கடிதத்தை மடக்கி வைத்துவிட்டு இறக்க வாருங்கள், குளிக்கப் போய்விடாதீர்கள்.