முதலிடத்தில் ஒரு சாண்ட்விச் தகராறு

அமெரிக்காவில் ஒரு பாட்டு நல்ல பாட்டா இல்லையா என்று ஜனங்கள் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. அந்தச் சிரமத்தை அவர்கள் சார்பில் ஏற்றுக்கொள்ள நியூயார்க்கில் தேசியப் பாடல் தரவரிசை ஆணையம் என்று ஒன்று இருக்கிறது. வாரம் தவறாமல் பட்டியல் போடுவார்கள். அதில் முதலிடத்தில் இருப்பது நல்ல பாட்டு. மற்றவை முயற்சிகள்.

அந்த முதலிடத்தில் டொலீடோ நகரத்து ‘துருப்பிடித்த டிராக்டர்கள்’ ராக் குழுவின் பாட்டு ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்றது. அதிக வாரம் முதலிடத்தில் நின்ற சாதனை ஒன்று தவிர மற்ற எல்லாச் சாதனைகளும் தவிடுபொடி. ‘காது கொடுப்பேன் கண்ணே’ என்பது பாட்டின் பெயர். குழுவின் பாடகன் டெல்மர் ஹாஸ்கின்ஸ் அதைத் தன் மனைவி லோரீனுக்காக எழுதினான். “நான் சொல்ற ஒரு வார்த்தையாவது உன் காதுல ஏறியிருக்கா?” என்று கேட்டுவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆக்ரன் நகரத்துக்குப் போய்விட்டவள் அவள். பாட்டைக் கேட்டால் மனசு இளகித் திரும்பி வருவாள் என்று நம்பினான். நாடே கேட்கிறது, அவளிடமிருந்து ஒரு போன் கூட இல்லை. முதலிடத்தில் இருந்துகொண்டே மனுஷன் பாதியாக இளைத்துப்போனான்.

காரணம் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் தெரிந்தது. காரில் போய்க்கொண்டிருந்தான். ரேடியோவில் யாரோ நாலு பேர் சாப்பாட்டுக்காக அடித்துக்கொண்டிருந்தார்கள். சாண்ட்விச் கடை விளம்பரம் என்று நினைத்து வேறு நிலையத்துக்கு மாற்றினான். அங்கேயும் அதே சண்டை. “எனக்கு வெள்ளரி ஊறுகாய் வேணாம்னு எத்தனை தடவைடா சொல்றது!” என்று ஒருத்தன் அலறினான். எங்கேயோ கேட்ட குரலாக இருக்கிறதே என்று டெல்மர் யோசித்தான். அவன் குரல்தான். “காது கொடுப்பேன் கண்ணே! என்ன ஒரு பாட்டு!” என்று அறிவிப்பாளர் உருகினார்.

ஒலிப்பதிவுக் கூடத்தில் சாப்பாட்டு இடைவேளையின்போது மைக்கை அணைக்க மறந்திருக்கிறார்கள். பாட்டு என்று நினைத்து அந்தப் பதிவை உலகத்துக்கு அனுப்பிவைத்தது வேறு யாருமில்லை, டெல்மரேதான். அனுப்புவதற்கு முன்னால் ஒரு தடவை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

நேராகக் குழுவின் மேனேஜர் ரோண்டாவிடம் ஓடினான்.

“ரோண்டா, அது பாட்டே இல்ல. நாங்க சாப்பாட்டுக்கு அடிச்சிக்கிட்டது!”

“அப்படியா? நான் கேட்டதில்லையே.”

“நீ என் மேனேஜர்!”

“அதனாலதான் நேரமே கெடைக்கல. உன் சாதனைய ஊருக்குச் சொல்லவே பொழுது போதல.”

“கோடிக்கணக்குல ரசிகருங்க. ஒருத்தருமா கவனிக்கல?”

ரோண்டா அவனைப் பரிதாபமாகப் பார்த்தாள். “எந்த ரசிகன் இப்ப பாட்டு கேக்குறான்? வீட்ல கெடக்குற பழைய போனையெல்லாம் சார்ஜர்ல சொருகி, சத்தத்த சுத்தமா அமுக்கிட்டு, ராவும் பகலும் ஓட விடுறான். ஓடினா கணக்குல ஏறும். கேட்டாதான் ஏறும்னு எவன் சொன்னான்? சத்தம் வெச்சா அவன் எப்படித் தூங்குவான்?”

கை தவறிச் சத்தத்தைக் கூட்டிவிட்ட சிலர் கேட்டும் இருந்தார்கள். அவர்களால் வந்த வினை தனி. வெள்ளரி ஊறுகாயை மறுக்கும் அந்த அலறலில் ஒரு தலைமுறையே மறுக்கிறது என்று பத்திரிகை விமர்சகர் ஒருவர் முழுப்பக்கம் எழுதினார். அன்றிலிருந்து இளசுகள் கடைகளில் சாண்ட்விச்சுக்குள் ஊறுகாயை வைக்கச் சொல்லி, பிறகு ஆவேசமாக எடுத்து எறிந்தார்கள். எறிவதற்கென்றே தனி ஊறுகாய் விற்பனைக்கு வந்தது. அது கொஞ்சம் விலை அதிகம்.

புதன்கிழமை காலை டெல்மர் ஆணையத்தின் துணை இயக்குநர் வாட்லோ அவர்களின் திருமுன் போய் நின்றான்.

“உக்காருங்க மிஸ்டர் ஹாஸ்கின்ஸ். பாட்டுல ஏதோ பிழைன்னு சொன்னீங்களாம்?”

“பிழை இல்ல சார். அது பாட்டே இல்ல.”

“அது எங்க அதிகார வரம்புக்குள்ள வராதுங்க. எத்தனாவது இடம்னு மட்டும்தான் நாங்க பாக்குறோம். எதுன்னு பாக்குறதில்ல.”

“நீங்க ஒரு தடவை கேட்டுப் பாருங்க சார், தெரியும்.”

வாட்லோ புண்பட்டுப்போனார். “இந்தக் கட்டடத்துல யாரும் பாட்டு கேக்கக் கூடாதுங்க. நடுநிலைமை என்னாகும்? தப்பித்தவறி ஒண்ணு பிடிச்சுப்போச்சுன்னா?”

“அப்ப நிஜப் பாட்ட அந்த இடத்துல மாத்தி வெச்சிடுங்க.”

“தாராளமா. ஆனா அது புதுசு. கடைசி இடத்துலேர்ந்து ஏறி வரணும்.”

“அப்ப இருக்குறத எடுத்திடுங்க! என் பொண்டாட்டிக்கு எழுதினது சார் அது. அவளுக்குப் போய்ச் சேரவே இல்ல.”

வாட்லோ குரலைத் தாழ்த்தினார். “எடுத்திடலாம். ஆனா நாளை ராத்திரியோட இந்த வாரம் முடியுது. அதுவரைக்கும் நின்னுட்டா கடைசிச் சாதனையும் உங்களுக்குத்தான். அப்புறம் அதை முறியடிக்க ஒருத்தன் பொறந்துதான் வரணும்.”

டெல்மர் நாற்காலியிலிருந்து எழுந்தான். “எனக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்ல,” என்றான். பிறகு, “நாளை ராத்திரின்னா, எத்தனை மணி?” என்று கேட்டான்.

வியாழக்கிழமை சாயங்காலம் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு ஆக்ரனுக்குப் போய்க் கதவைத் தட்டினான். லோரீன் திறந்தாள்.

“வா டெல்மர். பாத்து வா, ஒயர் தடுக்கும்.”

சமையலறையில் கால் வைக்க இடமில்லை. டோஸ்டர் மேல் ஒரு போன், ரொட்டிப் பெட்டி மேல் ஒன்று, ஜன்னல் விளிம்பில் வரிசையாக. எல்லாவற்றிலும் அவன் முகம். எதிலும் சத்தமில்லை.

“லோரீன், நீயுமா?”

“பின்ன? சண்டை நமக்குள்ள. சாதனை வேற.”

“பாட்ட கேட்டியா?”

“எங்க நேரம்? இத்தனை போனுக்கும் ஒருத்தியா சார்ஜ் ஏத்தணும். ஆனா எனக்காக எழுதினதுன்னு பேப்பர்ல படிச்சப்போ அழுதுட்டேன், தெரியுமா?”

டெல்மர் கிட்டாரைக் கையில் எடுத்தான். “அது தப்பான பதிவும்மா. நிஜப் பாட்டு இன்னும் யாருக்கும் தெரியாது. உனக்கு மட்டும் இப்ப பாடறேன்.”

லோரீன் கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “பாடு. கேக்குறேன்,” என்றாள். அவன் இத்தனை நாளும் ஏங்கியது இந்த ஒரு சொல்லுக்குத்தான். கண்ணை மூடிப் பாடினான். முதல் அடியிலேயே குரல் நடுங்கியது. இரண்டாம் அடியில் கண்ணைத் திறந்தால், அவள் கன்னத்தில் நீர் வழிந்துகொண்டிருந்தது. அமெரிக்காவிலேயே அந்தப் பாட்டைக் கேட்கும் ஒரே ஜீவன் அவள்தான்.

அவள் தோளுக்குப் பின்னால், டோஸ்டர் மேலிருந்த போனில் சிவப்பாக ஏதோ மினுங்கியது.

லோரீன் அதைக் கவனிக்கவில்லை. அவள் பாட்டுக்குள் இருந்தாள். டெல்மர் கவனித்தான். மூன்றாம் அடியைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்தான்.

“ஒரு நிமிஷம் லோரீன். அந்தச் சார்ஜர் எங்க?”

கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு இழுப்பறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து தேடினான். பின்னாலிருந்து லோரீன் ஏதோ சொன்னாள். நிதானமாக, நீளமாகவே சொன்னாள். என்ன சொன்னாள் என்று டெல்மருக்குத் தெரியாது. நமக்கும் தெரியாது. அந்தப் போன் அணைந்துவிடப் போகிறதே என்றுதானே நாமும் பார்த்துக்கொண்டிருந்தோம்.