காற்றுப் புகாத வீடு

"ஐயோ மாமி, அணையுங்கோ! பத்து மணிக்குச் சோதனை!"

வினுஷா சொல்லி முடிப்பதற்குள் அவள் மாமியார் யோகா, தணல் சட்டியில் இன்னொரு பிடி சாம்பிராணி போட்டுவிட்டார்.

"நாளைக்கு ஆடி பிறக்குது பிள்ளை. ஆடியில ஆரும் புது வீட்டில சாம்பிராணி காட்டுறதே? உன்ர சோதனைக்காரனுக்கு இது விளங்குமே?"

குவேக்கர்ஸ் ஹில் புறநகரில் நின்ற அந்த வீடு, தொழிற்சாலையில் செய்யப்பட்டு லொறியில் இரண்டு துண்டாக வந்தது. ஒரே நாளில் பொருத்திவிட்டார்கள். மின்சாரம் மிச்சம் பிடிக்கும் வீடு என்றுதான் விற்றார்கள். மூடிய வீட்டுக்குள்ளிருந்து எவ்வளவு காற்றுக் கசிகிறது என்று இன்று அளப்பார்கள். கசிவு கூடினால் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லாமல் குடிபுக முடியாது. இப்போது இருக்கும் வெஸ்ட்மீட் வாடகை வீட்டையோ நாளை காலி செய்ய வேண்டும்.

புகை கூரையைத் தொட்டது.

"ஜன்னலைத் திறவன்."

"ஏலாது மாமி. காலமை சோதனைக்காரர் வந்து ஓட்டையெல்லாம் டேப் ஒட்டிப்போட்டு, கதவு ஜன்னல் ஒண்டும் தொடக்கூடாதெண்டு சொல்லிட்டுப் போனவை."

"அப்ப சட்டியை வெளியில வை."

"அதுக்கும் கதவு திறக்க வேணுமே!"

வினுஷா ஓடிப்போய் ஒரு கோப்பைத் தண்ணீரைத் தணலில் ஊற்றினாள். சட்டி சீறியது. புகையோடு சாம்பலும் ஆவியும் சேர்ந்து எழும்பின.

அடுப்புக்கு மேலிருந்த புகை உறிஞ்சியைப் போட்டாள். அது புகையை ஆவலாக உறிஞ்சியது. உறிஞ்சியதை அப்படியே அவள் முகத்தில் ஊதியது. வெளியே போகும் குழாய் அதற்கு இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

மேலே புகை அலாரம் அலறியது. துவாயை வீசி அதைச் சுற்றியிருந்த புகையைக் கலைத்தாள். கலைந்த புகை படுக்கையறைகளுக்குள் போனது. அங்கிருந்த இரண்டு அலாரங்களும் சேர்ந்துகொண்டன.

"மூண்டும் நல்ல சுதியாப் பாடுது," என்றார் மாமி, காதைப் பொத்தியபடி.

"மாமி, நாளைக்கு நாங்கள் றோட்டில!"

"உனக்கு எல்லாத்துக்கும் பயம்."

செய்ய இனி ஒன்றும் இல்லை. வினுஷா வெறும் தரையில் உட்கார்ந்து, கைபேசியில் நேரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பது முப்பத்தைந்து. வெளியே ஜூலைக் காற்று வீசியது. ஒன்பது நாற்பத்தைந்து. ஓர் அலாரம் அடங்கியது. பிறகு மற்ற இரண்டும். எதிர்ச் சுவர் மங்கலாகத் தெரிந்தது. பிறகு தெளிவாகவே தெரிந்தது.

ஒன்பது ஐம்பத்தைந்துக்குப் புகை துளியும் இல்லை.

"பாத்தியே? பிள்ளையார் கைவிடேல்லை," என்றார் மாமி.

மணி அடித்தது. வாசலில் மஞ்சள் மேற்சட்டையோடு ஓர் இளைஞன். கையில் காற்றுக் கசிவை அளக்கும் பெரிய மின்விசிறி. சட்டையில் அருந்தவன் என்று பெயர். உள்ளே வந்தவன் மூக்கைச் சுருக்கினான்.

"சாம்பிராணியோ, அக்கா?"

வினுஷாவுக்கு அன்று முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது.

"ஓம் தம்பி. வீடு முழுக்கப் புகை. எனக்கு உயிரே போயிட்டுது. ஆனா நீங்கள் வரும்வரைக்கும் கதவு, ஜன்னல், டேப் ஒண்டையும் நான் தொடேல்லை. இருபது நிமிசத்தில எல்லாம் தன்பாட்டில போயிட்டுது!"

அருந்தவன் மின்விசிறியைத் தரையில் வைத்தான். சுவரைப் பார்த்தான். கூரையைப் பார்த்தான்.

"அப்ப புகை எங்கால போனது, அக்கா?"