சல்லடை யாரென்று மட்டும் சொல்லிவிடாதே

போடிநாயக்கனூர்,
வெள்ளிக்கிழமை, காலை பதினோரு மணி.

‘ஏலச்சாரல்’ வார இதழின் ஆசிரியரும், என் கூடப்பிறந்த தங்கச்சி மகனும், இந்த வயதில் என்னை எழுத்தாளனாக்கிச் சந்தியில் நிறுத்தியவருமான மாப்பிள்ளை கார்த்திக்கு, மாமன் ஜக்கையன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அத்தை அமுதவள்ளியும் உடம்புக்கு நலம். மனசைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன். தேனியில் நீயும் உன் அச்சு மிஷினும் சுகம்தானே? போன செவ்வாய்க்கிழமை அந்த மிஷின் பழுதாகி நின்றிருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது.

வாட்ஸ்அப்பில் சொல்லாமல் ஏன் காகிதம் என்று கேட்பாய். வீட்டில் இருப்பது ஒரே போன், அதன் முழு நிர்வாகமும் உன் அத்தை. எனக்கு வரும் காலை வணக்கத்தைக்கூட அவள் பார்த்துவிட்டுத்தான் என்னிடம் சொல்லுகிறாள். ஆகவே ஜீப்பு ஓட்டுகிற சோணையிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். விஷயம் இதுதான்: இந்த வாரம் உன் பத்திரிகையில் நாடக விமர்சனம் எழுதிய ‘சல்லடை’ நான்தான் என்பது உனக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். அது அப்படியே இருக்க வேண்டும். கூடவே நாளைக் காலைக்குள் அந்த விமர்சனம் தப்பென்று நீ ஒரு திருத்தம் போட வேண்டும். போடாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது ஆட்டம் நடக்காது. அது நடக்காவிட்டால் எனக்கு இந்த வீட்டில் மிச்சக் காலம் எப்படிப் போகும் என்று சொல்ல முடியாது.

நீதானே கேட்டாய்? “ரேணுகா டீச்சர் போடுற பாட்டு நாடகத்துக்குப் பாஸு இருக்கு மாமா, பாத்துட்டு ஒரு பக்கம் எழுதிக் குடுங்க. முப்பத்தாறு வருசம் ஏலக்காய்க்குத் தரம் போட்ட ஆளு, ஒரு நாடகத்துக்குப் போட மாட்டீங்களா?” என்றாய். நானும் மயங்கிவிட்டேன். எங்கள் ஏலக்காய் ஸ்டோரில் ஒரு வழக்கம் உண்டு. தரம் பார்க்க வரும் காய்க்கு நம்பர் மட்டும்தான் இருக்கும், எந்த எஸ்டேட், யாருடைய சரக்கு என்று பேர் இருக்காது. பேர் தெரிந்தால் கை நடுங்கும், தரம் கோணும். அதே வழக்கப்படிதான் நான் கல்யாண மண்டபத்துக்குப் போனேன். நோட்டீஸை வாங்கவில்லை. யார் நடிக்கிறார்கள், யார் பாடுகிறார்கள் என்று யாரையும் கேட்கவில்லை. ‘பதினேழாவது வளைவு’ என்று பேர், போடிமெட்டுப் பாதையில் ஜீப்பு ஓட்டுகிறவனுக்கும் எஸ்டேட்டுப் பெண்ணுக்கும் காதல். அந்தப் பெண்ணாக வந்தது பாங்கியில் வேலை பார்க்கும் அனுப்பிரியா. அது வாயை மட்டும்தான் அசைத்தது, பாட்டு திரைக்குப் பின்னாலிருந்து வந்தது. அதுகூட மண்டபத்துக்கே தெரியும். பின்னால் இருப்பது யார் என்றுதான் யாருக்கும் தெரியாது, நானும் கேட்கவில்லை.

காய்க்குத் தரம் போடுகிற அளவிலேயே எழுதிக் கொடுத்தேன். கதை ஆறு எம்.எம்., ஆட்டம் எட்டு எம்.எம்., பச்சை நன்று. ‘ஆனால் திரைக்குப் பின்னிருந்து வந்த குரல் போன வருஷத்துக் காய். சாயம் போட்டுப் புதுசென்று தள்ளப் பார்க்கிறார்கள். இன்னும் ஈரம் போகவில்லை’ என்று எழுதினேன். எழுதினது நான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதை மட்டும் உருவி, பெரிய எழுத்தில், கட்டம் கட்டிப் போடச் சொன்னது யார்?

புதன்கிழமை பத்திரிகை வந்தது. டீக்கடைக்குப் போனால் பாண்டியராஜன் உட்கார்ந்திருக்கிறான். சனிக்கிழமை ஆட்டத்தில் என் பக்கத்து நாற்காலியில் இருந்துகொண்டு, ஒவ்வொரு பாட்டுக்கும் விசிலடித்து, கடைசியில் நாற்காலி மேலேயே ஏறி நின்று இன்னொரு தரம் பாடச் சொல்லிக் கத்தினவன். அவன் சொல்லுகிறான்: “மொதப் பாட்டுலயே எனக்குத் தெரிஞ்சுபோச்சுய்யா, சரக்குப் பழசுன்னு. ஒரு மரியாதைக்குத்தான் கைதட்டுனேன்.” சுற்றி இருந்த நாலு பேரும் தலையாட்டினார்கள், அந்த நாலு பேரும் அன்றைக்குக் கண் கலங்கினவர்கள்தான். ஏலத்தில் பெரிய கை ஒன்று சாம்பிள் தட்டை ஒதுக்கிவிட்டால் மற்ற கைகளும் மடங்குமே, அதே கதை. “யாருய்யா அந்தச் சல்லடை? என்னா மூளைய்யா!” என்று வேறு பேசினார்கள். பொய் சொல்லுவானேன், எனக்குக் குளிர்ந்துதான் போனது, இன்னொரு வடை வாங்கித் தின்றேன். அந்த நேரம் பார்த்துக் கமிஷன் கடை முனீஸ்வரன் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு வந்தார். “எவன்டா அவன், என் சரக்குல சாயம்னு பேப்பர்ல போட்டவன்?” என்று ஒரே சத்தம். அது நாடகத்தைப் பற்றி அண்ணே என்று சொன்னதும், “நாடகமா?” என்று இறங்கின குரலில் கேட்டுவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து அவர் கடைக் காயை எல்லாரும் தண்ணீரில் ஊறப்போட்டுப் பார்த்துத்தான் வாங்குகிறார்களாம்.

சிரிக்காதே, இனிமேல்தான் வருகிறது. நேற்றுக் காலை நான் தோசை தின்றுகொண்டிருக்கிறேன், ரேணுகா டீச்சர் விறுவிறுவென்று அடுப்படிக்கே வந்துவிட்டார். “அம்மா, நீங்க பாட மாட்டேன்னா நாடகமே இல்லம்மா. எவனோ காது கேக்காத கழுதை எழுதுனதுக்காகப் பாட மாட்டேங்கறீங்களே!” என்றார். எனக்குத் தோசை உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. மூன்று மாதமாகச் சாயங்காலம் விளக்குப் பூஜைக்குப் பாட்டுப் பழகப் போகிறேன் என்று உன் அத்தை போனது டீச்சர் வீட்டுக்கு. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்ததும் அவளைத் திரைக்கு முன்னால் கூப்பிட்டு நிறுத்துவதாம், முன் வரிசையில் இருக்கும் நான் திகைத்துப்போவதாம். அப்படி ஏற்பாடு. நான் மூன்று நாள் முந்தியே திகைத்துவிட்டேன்.

டீச்சர் போன பிறகு, “வீட்ல ஒரு நாக்கூட நீ பாடிக் கேட்டதில்லையேடி” என்றேன். தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே சொன்னாள்: “கல்யாணமான மொத மாசம் பாடுனேன். நீங்க மடியில சாம்பிள் தட்ட வச்சுக்கிட்டு, ‘சும்மா இரு, எண்ணிக்கை தப்புது’ன்னீங்க. சும்மா இருந்தேன்.” முப்பத்து நாலு வருஷம் மாப்ளே! நான் சொன்னதாக எனக்கு ஞாபகமே இல்லை. ஆனால் அது என் வாயில் வருகிற வார்த்தைதான், எல்லாரிடமும் சொல்லுகிறேன்.

வீட்டில் இருப்புக்கொள்ளாமல் ஜீப்பு ஸ்டாண்டுக்குப் போனேன். அங்கே போடிமெட்டு எஸ்டேட்டு மாயக்காள் சோணையோடு மல்லுக்கு நிற்கிறாள். ஞாயிற்றுக்கிழமைக்கு ரெண்டு ஜீப்பு ஆள் கூட்டிவருவதாகச் சொல்லி வைத்திருந்தாள், இப்போது பாதிப் பேர் வரவில்லை என்கிறார்களாம். “பேப்பர்ல நல்லா இல்லேன்னு போட்டுருக்காம்ல. அப்ப நாங்க அம்புட்டுப் பேரும் அழுதது என்னா கணக்கு?” என்று கேட்கிறாள். “அது விவரம் தெரிஞ்சவுக சொல்றது ஆத்தா” என்றான் சோணை. “விவரம் தெரிஞ்சவுக அழுகலையாக்கும்? எனக்கு முன்னாடி ஒரு மொட்டைத் தலைக்காரரு துண்டால கண்ணத் தொடச்சு மாளாம ஒக்காந்திருந்தாரே, அவரக் கொண்டாங்கப்பா, கேப்போம்!” என்றாள். நான் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, வேறு பக்கமாக வீடு வந்து சேர்ந்தேன்.

மாப்ளே, அந்த மொட்டைத் தலை என்னுடையது. ஜீப்புச் சத்தம் ஒவ்வொரு வளைவாக இறங்கித் தேய, அந்தப் பெண் மேலே தனியாக நின்று பாடுமே, அந்தப் பாட்டில் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏன் என்று தெரியவில்லை, அப்பன் செத்தபோதுகூட அப்படி வந்ததில்லை. பாண்டியராஜன் திரும்பிப் பார்த்து, “என்னண்ணே, ஒழுகுது?” என்று சிரித்துவிட்டான். அந்த ஆத்திரத்தோடு வீட்டுக்கு வந்து உட்கார்ந்து எழுதினேன், பழைய காய் என்று. முப்பத்தாறு வருஷத்தில் நான் போட்ட பொய்த் தரம் அது ஒன்றுதான், அதுவும் யாருடைய சரக்குக்குப் போய் விழுந்திருக்கிறது பார்.

அவள் பாட மாட்டேன் என்கிறாள். ஏன் என்றால், “அதான் பேப்பர்லயே வந்துருச்சே” என்கிறாள். திட்டவில்லை, அழவில்லை. ‘இன்னொரு தோசை வைக்கவா’ என்று கேட்பதை மட்டும் நேற்றிலிருந்து நிறுத்திவிட்டாள். எனக்குப் பயமாக இருக்கிறது. அதனால் வெரசா ஒரு திருத்தம் எழுதி ஊர் வாட்ஸ்அப் குழுவில் எல்லாம் அனுப்பிவிடு. சல்லடைக்கு அன்றைக்கு ஜலதோஷம், இரண்டு காதும் அடைத்திருந்தது என்று போடு. அவன் வெளியூர்க்காரன், வேலையை விட்டு நீக்கியாகிவிட்டது என்று போடு. செத்துப்போனான் என்று போட்டாலும் எனக்குச் சம்மதம். பேரை மட்டும் சொல்லிவிடாதே. சொன்னால் உன் ஆபீஸ் பெஞ்சில்தான் எனக்குப் படுக்கை.

உன் அம்மாவுக்கு என் விசாரிப்பைச் சொல், இந்தக் கதையைச் சொல்லாதே. மலையில் மழை நன்றாக இறங்கி, காய் திரண்டு, நீயும் உன் பத்திரிகையும் கட்டம் கட்டாமல் நீடூழி வாழ வேண்டும். படித்ததும் இதை அடுப்பில் போடு. சோணை நம்பிக்கையான ஆள், நேரே உன் கையில்தான் கொடுப்பான்.

இப்படிக்கு, பேர் வேண்டாத,
உன் மாமன்.

பின்குறிப்பு: மருமகனே, இது அத்தை எழுதுறது. ஒங்க மாமா கவர ஒட்டாமக் குடுத்துவிட்டாரு. ஒட்டுறதுக்கு ரெண்டு சோத்துப் பருக்கை குடுங்கத்தேன்னு சோணை எங்கிட்டயே வந்து நிக்கிது. காப்பியக் குடுத்து ஒக்கார வச்சிட்டு, முழுக்கப் படிச்சேன்.

சல்லடை யாருன்னு எனக்குப் புதன்கெழமையே தெரியும். முப்பத்தி நாலு வருசமா என் தோசைய ‘ஈரம் போகல’ன்னு சொல்ற வாய் இந்த ஊர்ல வேற யாருக்கு இருக்கு? எவன் எழுதியிருந்தாலும் போடான்னுட்டுப் பாடியிருப்பேன். எழுதுனது இவருன்னு தெரிஞ்சதும்தான் பாட மாட்டேன்னு டீச்சர்கிட்டச் சொல்லிட்டேன்.

கடுதாசியச் சலிச்சுப் பாத்தேன். அம்புட்டும் தூசி, ஒரு வரி தேறுது. ‘அந்தப் பாட்டில் எனக்கு அழுகை வந்துவிட்டது.’ அத மட்டும் நாளைக்குக் காலையில ஊர்க் குழுவுல போடுங்க, பெரிய எழுத்துல, கட்டங்கட்டி. கீழ சல்லடைன்னு வேணாம், ஜக்கையன்னு போடுங்க. நான் பாடுறேன். மாயக்காளுக்கு ரெண்டு ஜீப்பும் உண்டுன்னு சோணைகிட்டச் சொல்லிவிட்டாச்சு.

இவருக்கு ஞாயித்துக்கெழமை வரைக்கும் தெரிய வேணாம். போன் எங்கிட்டத்தான் இருக்கு, நாளைக்கு நாள் முழுக்க வீட்ல சோலியும் வச்சிருக்கேன். முன் வரிசையில எடம் மட்டும் போட்டு வைங்க. துண்டு ரெண்டாக் குடுத்துவிடுறேன்.