பழைய கோழி

பேரிகைச் சந்தைக்குப் பின்னால் நாராயணப்பன் தொக்கம் எடுக்கிறார் என்றால் கர்நாடகத்து மாலூரிலிருந்துகூடக் கார்கள் வரும். தின்ற சோறும் கறியும் செரிக்காமல் வயிற்றிலேயே தங்கிவிடுவதுதான் தொக்கமாம். தொப்புளில் பித்தளைக் குழலை வைத்து உறிஞ்சுவார். கறித்துண்டு தட்டில் விழும். ஊசி இல்லை, கத்தி இல்லை, தோலில் ஓட்டையும் இல்லை! கறி எந்த வழியாக வந்தது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. கேட்டால் நாராயணப்பன் சாமிக்குக் கோபம் வருமாம்.

ஓசூர் கம்பெனியில் மிஷின் ஓட்டும் கிங்ஸ்டனுக்கு முப்பத்திரண்டு வயது. மலத்தில் ரத்தம் போகிறது. இளைத்துப்போய், பெல்ட்டில் புதுப்புது ஓட்டையாகப் போட்டுக்கொண்டிருந்தார். டாக்டர் பின்பக்கம் பார்ப்பாரே என்ற வெட்கத்தில், தொப்புளோடு நின்றுவிடும் வைத்தியரிடம் வந்துவிட்டார். "இந்த வயசுல வேற என்ன வரும்? ஒடம்புச் சூடுதான்" என்பது கிங்ஸ்டனின் மருத்துவ ஞானம்.

இது மூன்றாவது முறை. இந்தத் தடவை மனைவி ரெனிட்டாவும் கூட வந்தார். அவருக்குக் கம்பெனியில் தரச் சோதனை வேலை, சந்தேகப்படுவதற்கே சம்பளம்.

"போன தடவயும் கோழி வந்துச்சாம். ஒரு மாசமா இவரு கஞ்சிதாங்க குடிக்கிறாரு. கோழி ஏதுங்க?"

"அது பழைய கோழிம்மா" என்றார் நாராயணப்பன்.

வரிசையில் நின்ற நாகம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். "சாமிகிட்ட எதுத்துப் பேசாத கண்ணு!"

சாமி சுவர்ப்பக்கம் திரும்பிக் கும்பிட்டார். இந்தப் பக்கம் திரும்பியபோது பேச்சில்லை. மௌன விரதமாம். குழலை எடுத்தார்.

ரெனிட்டா தண்ணீர் பாட்டிலை நீட்டினார். "எங்க கம்பெனில டப்பா காலியா இருக்குதான்னு பாத்துட்டுத்தான் சரக்கு போடுவோம். வாயக் கொப்புளிச்சுட்டு எடுங்க."

"ம்ம்ம்."

"சரி, உங்க பேரயாச்சும் சொல்லுங்க."

"சொல்லுங்க சாமி! அவ வாய அடைங்க!" என்று பக்தியோடு கத்தினார் நாகம்மா.

சாமி வாயைத் திறந்தார். கோழி விழுந்தது. குழல் இன்னும் தொப்புளைத் தொடவே இல்லை.

யாரோ சிரித்தார்கள். கிங்ஸ்டன் சிரிக்கவில்லை. "அப்ப ரத்தம் எங்கருந்து வருது?"

"அதத்தான் டாக்டர்கிட்ட கேக்கப் போறோம். எந்திரிங்க." ரெனிட்டாவுக்கு ஜெயித்த சந்தோஷம் இல்லை; பயம்தான்.

கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் பின்பக்கமாகக் கேமராக் குழாய் விட்டு, ஸ்கேனும் எடுத்துப் பார்த்தார்கள். பெருங்குடலில் புற்றுநோய்க் கட்டி. "இன்னும் பரவல, ஆபரேஷன்ல எடுத்துடலாம். சின்ன வயசுலயும் வரும்ங்க. இன்னும் தள்ளிப் போட்டிருந்தீங்கன்னா கஷ்டம்" என்றார் டாக்டர். ரெனிட்டா அங்கேயே அழுதுவிட்டார்.

கிங்ஸ்டன் பிழைத்துக்கொண்டார். பேரிகையில் மறுபடியும் வரிசை நிற்கிறது. கோழி விழுந்ததைக் கண்ணால் கண்ட நாகம்மாவும் அதில் நிற்கிறார். வாயிலிருந்து விழுந்தது வேறு கோழியாம்! வயிற்றுக்கட்டியை எடுக்க டாக்டர் இருக்கிறார். தலைக்குள் தங்கிப்போன தொக்கத்தை, ஐயா, அம்மா, அவரவர்தான் யோசித்து எடுக்க வேண்டும்.