விரலக்காவின் மராத்தி

கட்கி சந்தையை ஒற்றை விரலால் ஆண்டவர் உலகத்திலேயே ஒருவர்தான்: எங்கள் பக்கத்து வீட்டு விரலக்கா. ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இந்த மராத்திக்கார ஊருக்கு வந்து முப்பது வருடமாகியும் மராத்தியில் ஒரு சொல் கற்கவில்லை. காயை விரலால் சுட்டுவார். விலை கூடினால் அதே விரலைக் கடைக்காரரின் மூக்குக்கு நேரே நீட்டுவார். விலை தானாக இறங்கும்.

வாயை மொத்தமாகக் கணவருக்கென்று சேமித்து வைத்திருந்தார். அவரை நான் அண்ணன் என்பேன். அவரும் சளைத்தவரல்ல. அவர்கள் சண்டையில்தான் எங்கள் லைன் வீடுகளுக்குப் பொழுது விடியும்.

தொண்ணூறுகளின் கடைசியில் அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது. போன பேச்சு சில வாரங்களில் திரும்பியது. ஆனால் தொழிற்சாலையில் பேசிப் பழகிய மராத்தி மட்டும்தான் வந்தது. தமிழில் பேசினால் ஊருக்குப் புதிய ஆள் போல முழித்தார்.

டாக்டர் இந்தியில் சொன்னதை நான் அக்காவுக்குச் சொன்னேன். "மூளையில ஒரு ரோடு அடைஞ்சா, அது வேற சந்து தேடிப் போகுமாம். பேச்சுக் குடுத்துக்கிட்டே இருந்தா பழைய ரோடும் திறக்கலாமாம்."

"திறக்கலன்னா? நான் யார்கூட சண்டை போடுறது?" அக்காவின் குரல் அன்றுதான் உடைந்தது.

டீக்கடை வேலையில் மராத்தி பழகியிருந்த என்னை மொழிபெயர்ப்பாளன் ஆக்கிவிட்டார். நானோ பெண்களிடம் நிமிர்ந்து பேசவே கூசுகிறவன்.

"மாத்திரைய முழுங்கலன்னா உலக்கையால வாயப் பொளப்பேன், இவரு வம்சமே இப்படித்தான்னு சொல்லு தம்பி!"

"கோளி க்யா" என்றேன். மாத்திரை சாப்பிடுங்கள்.

அண்ணன் அக்காவின் முகத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஏவ்டச்?" என்றார். இவ்வளவுதானா?

கேட்டுவிட்டுச் சிரித்தும் தொலைத்தார். அக்கா என் பக்கம் பாய்ந்தார். "இன்னாத்துக்குச் சிரிக்கிறாரு? அவரு மாத்திரைய முழுங்கல, நீ என் பேச்ச முழுங்கிட்ட!"

மறுநாளே காய்கறிக்காரியிடம் மராத்தி கற்கப் போய்விட்டார். கால் கிலோ கத்திரிக்காய் வாங்கினால் ஒரு வசவு இலவசம். முப்பது வருடம் மண்டையில் ஏறாத மராத்தி, சண்டைக்கு என்றதும் சில மாதங்களில் ஏறியது. அக்காவின் மூளையும் சந்து தேடிப் போயிருக்க வேண்டும்.

ஒரு காலை, கரண்டியை ஓங்கிக் கத்தினார்: "சட்கா காந்தா!" அழுகின வெங்காயமாம்.

அண்ணனின் கோணிய வாய் மெல்ல அசைந்தது. "நீதான்டி... சொத்தக் கத்திரிக்கா."

கரண்டி அப்படியே நின்றது. அக்கா என்னிடம் திரும்பினார். "இன்னா சொன்னாரு தம்பி?"

"தமிழ்தானேக்கா."

"தெரியும். நீ ஒருதரம் சொல்லு."

அன்று ஒருநாள்தான், அந்த 'டி'யைக்கூட முழுங்காமல், முழுசாகச் சொன்னேன்.